குட்டைக்கு மேலே ஒரு குழி

உன் ஊறுகாய் பாட்டில் சன்னல் விளிம்பில் இருக்கிறது. காலையில் மழை விட்டதும் வாய்க்காலில் தண்ணீர் பிடித்து வைத்தேன். மத்தியானம் ஆகியும் தெளியவில்லை. அடியில் செம்மண், மேலே எண்ணெய்ப் படலம். மூடியைத் திறந்தால் கார் கழுவுகிற சோப்பு வாடை. மேலே ரோட்டோரம் விடுதிகள் இன்னும் பெருகிவிட்டன. அவற்றின் வாசலில் விழும் மழையெல்லாம் நம் இரண்டு வீட்டுப் பின்பக்கமாகத்தான் இப்போதும் குட்டைக்கு ஓடுகிறது.

குட்டை பச்சையாகி மீன் செத்து மிதந்த வருடம் நினைவிருக்கிறது. கீழே இருக்கும் வீடுகளில் கிணற்றுத் தண்ணீரும் நாறியது. நாம் பஞ்சாயத்துக்கு மனு எழுதினோம். பார்க்கிறோம் என்றார்கள். பிறகு ஒரு மழையில் குடையில்லாமல் இந்தப் பாட்டிலோடு வந்து நின்றாய்.

"ஏனுங்க மேடம், செத்த நேரம் சும்மா வெச்சா மண்ணு தானா எறங்கிருதுங்க. குட்டைக்குப் போற முந்தி தண்ணிய இப்படி நிக்க வெச்சா என்னங்க?"

வேண்டுமென்றே மேடம் என்பாய். கோபம் வந்தால்தான் பெயர் சொல்வாய்.

வாய்க்கால் முதலில் என் வீட்டைத் தொட்டு, அப்புறம் உன் வீட்டைத் தாண்டும். குழி வெட்ட என் பக்கம்தான் அகலம். ஆனால் நடுவில் ஆரஞ்சு மரம். நான் மரத்தைப் பார்ப்பதை நீ பார்த்துவிட்டாய். "உங்க மகாராணி நிக்கட்டுமுங்க. எங்கூட்டுப் பின்னால எடம் சும்மாதான் கெடக்குது" என்றாய். அங்கே உன் சௌசௌ பந்தல் இருந்தது. மறுநாள் நீயே பிரித்துப் போட்டாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் அந்தக் குழியில் சேறு அள்ளினோம். "காலேஜுல இதத்தான் படிச்சீங்களா?" என்று என்னைக் கேட்பாய், நீயும் அதே காலேஜ்தான். குழியோரம் கோரை வளர்ந்தது, குட்டை ஓரளவு தெளிந்தது. வேலை முடிந்தது என்று மட்டும் ஒரு வருடமும் சொல்ல முடிந்ததில்லை. அள்ள அள்ள மேலிருந்து வந்துகொண்டே இருந்தது.

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து கடைசியாகப் பேசினாய். உடம்பு எப்படி என்று கேட்டேன்.

"அது கெடக்குது. குழி நெறஞ்சிருச்சா?"

நிறைந்திருந்தது. இல்லை என்றேன்.

போன வாரம் உன் மகன் வந்தான். வீட்டை விடுதியாக்கப் போகிறானாம்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அத்தை. வண்டி நிறுத்த எடமில்லீன்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. குழிய மூடித்தான் ஆகணும்."

"மூடுனா மண்ணெல்லாம் நேரா குட்டைக்குப் போயிரும் சாமி."

"மேல இருக்கறவங்க எல்லாரும்தான் உடறாங்க. எங்கம்மா மட்டும் எத்தன வருசம் அள்ளுச்சு? நீங்களும் பாத்தீங்கல்ல?"

அவன் குரலில் கோபமில்லை. உன் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவன் அவன்தான். இந்த மாதம் மட்டும் பொறுக்கச் சொன்னேன். தலையாட்டினான்.

மறுநாள் குட்டைக்கரையில் நின்றிருந்தேன். துணி அலசிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "ஏனுங்க்கா, இந்த வருசமும் தண்ணி நல்லா இருக்குமுங்களா?" என்றாள். இருக்கும் என்று வாய் சொல்லிவிட்டது. அப்புறம்தான் உடம்பெல்லாம் அலுப்பு இறங்கியது. கூட நீ இல்லாமல் நான் கொடுத்த முதல் வாக்கு அது.

மரம் வெட்டுகிறவரை இன்று கூட்டிவந்து காட்டினேன். அண்ணாந்து பார்த்தார். "நொம்ப பூ வெச்சிருக்குதுங்களே."

"ஆமாங்க," என்றேன். "நாளைக்கே வெட்டிருங்க. வேர் இருக்கற எடத்துல இருந்தே குழி எடுத்துக்கலாம்."

பெரிய தியாகம் எல்லாம் இல்லை. வேறு இடம் இல்லை, அவ்வளவுதான். பல வருடம் பழம் தின்றாகிவிட்டது. நீயும்தான் தின்றாய், புளிப்பு என்று திட்டிக்கொண்டே.

சாயங்காலம் வாசலில் உன் மண்வெட்டி சாத்தியிருந்தது. உன் மகன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பிடி உன் உயரத்துக்கு வெட்டியது. எடுத்து ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தேன். நான் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கிறது.