திருப்பி ஊளையிட்ட ஓநாய்கள்

மகளே,

என் பேச்சை மீறி நீ ஓநாய் ஆராய்ச்சிக்குக் கனடா போய் நான்கு வருடமாகிறது. உன் அழைப்பு ஒன்றைக்கூட நான் எடுக்கவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது.

நேற்று இங்கே கிள்ளானில், சாலையோர ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும்போது, லோரி ஓட்டும் பக்கிரிசாமி எல்லோர் முன்னாலும் கேட்டான். "என்னண்ணே, உங்க மக காட்டுல நாய் புடிக்குதாமே?"

"நாய் இல்ல லா, ஓநாய்."

நீ அம்மாவுக்கு அனுப்பிய ஒலிப்பதிவைப் போட்டேன். முதலில் நீ ஊளையிடுகிறாய். கொஞ்ச நேரத்தில் தூரத்திலிருந்து ஒரு கூட்டமே திருப்பி ஊளையிடுகிறது. தே ஆற்றுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

"கூட்டம்னா ரௌடி கும்பல் இல்ல. அப்பா, அம்மா, பிள்ளைங்க. சத்தத்த வச்சே அதுல குட்டி இருக்கான்னு என் மக சொல்லிடும்," என்றேன். ஆறாம் வகுப்போடு நின்ற நான், இதையெல்லாம் நூலகத்தில் நானாகவே படித்துக்கொண்டேன்.

"மனுசன் கூப்பிட்டா அது ஏண்ணே பதில் சொல்லுது?"

"கூப்பிட்டா சொல்லாதா?" என்றேன். பாதித் தேயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை கூப்பிடு. எடுக்கிறேன். அன்று நான் போகாதே என்றது சரிதான். அதைப் பற்றி மட்டும் பேசாதே.

உன் அப்பா