பதினோராம் பெட் இன்சுலின்

நவம்பர் 5, புதன்

ஷீஜாவும் போய்விட்டாள். ஜூனில் சேர்ந்த ஏழு புது நர்சுகளில் ஐந்தாவது ஆள். மற்றவர்கள் வெளிநாடு, பரீட்சை என்று ஏதாவது சொன்னார்கள். இவள் வடசேரியில் ஜவுளிக்கடைக்குப் போகிறாளாம்! நாலு வருடம் நர்சிங் படித்தது சேலை மடிக்கவா என்று கேட்டேன். "அங்க யாரும் என்னைய ஏசமாட்டாங்க சிஸ்டர்" என்றாள். இந்தத் தக்கலை ஆஸ்பத்திரியில் முப்பது வருடமாக நான் வாங்காத ஏச்சா?

மிச்சம் இரண்டு பேர். என் வார்டில் கோட்டாற்று நிஸ்ரின் மட்டும்.

நவம்பர் 8, சனி

பதினோராம் பெட் வியாகுலம்மாளுக்கு நரம்பே கிடைக்காது. நானே இரண்டு தடவை குத்தித் தோற்றேன். நிஸ்ரின் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, குளச்சலில் இன்று என்ன மீன் பட்டது என்று கேட்டபடியே ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிட்டாள். அந்த அம்மாள் மீன் கதையை நிறுத்தவேயில்லை. என்ன கை இந்தப் பிள்ளைக்கு! பாராட்ட வாய் வந்தது. தலைக்கு ஏறிவிடும் என்று சொல்லவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மதியம் ஒன்றரைக்கு நிஸ்ரினிடம் வார்டை ஒப்படைத்துவிட்டு மீட்டிங்குக்கு ஓடினேன். ஐந்து மணிக்கு அவளிடமிருந்து போன். வியாகுலம்மாளுக்கு மதிய இன்சுலின் போடவில்லை, சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. ஸ்கேனுக்குப் போய்வந்து தாமதமாகச் சாப்பிட்டவள். ஊசி போட்டாயிற்று என்று நிஸ்ரின் நினைத்திருக்கிறாள். பிறகு சார்ட்டில் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டது, அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டது, எனக்குச் சொன்னது, எல்லாம் அவளே.

எனக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. வார்டுக்கு ஓடி வந்து, வராந்தாவில் எல்லார் முன்னாலும், "ஏட்டி, நீ படிச்சுத்தான் வந்தியா?" என்று கத்தினேன். அவள் அந்த அம்மாளுக்கு மறுபடி சர்க்கரை பார்க்கப் போய்விட்டாள். ராத்திரிக்குள் சர்க்கரை இறங்கிவிட்டது, கர்த்தருக்கு நன்றி.

நவம்பர் 12, புதன்

மேஜையில் நிஸ்ரினின் ராஜினாமா. ஒரு மாத நோட்டீஸ், டிசம்பர் 12 கடைசி நாள்.

நடந்ததைப் பற்றி அவள் எழுதிய அறிக்கையும் இருந்தது. 'ஒப்படைக்கும்போது சொன்னதை நான் மறுபடி கேட்டிருக்க வேண்டும்.' இவ்வளவுதான். யார் சொன்னது, என்ன சொன்னது, ஒன்றும் இல்லை. ஆறு நாளாக லீவு இல்லாமல் வந்தவள், அதில் இரண்டு நாள் டபுள் டூட்டி. டூட்டிப் பட்டியல் போட்டது நான். அதற்காக? தப்பு தப்புதானே?

நவம்பர் 13, வியாழன்

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சோறு கழிஞ்சா என்று கேட்டேன். கழிஞ்சு என்றார். உடனே அரிசியைக் கழுவி உலையில் போட்டேன். இவர் ஓடி வந்து, "நான் தின்னு கழிஞ்சுன்னுல்லா சொன்னேன்? பானையில சோறு கெடக்கே" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"பதினோராம் பெட்டுக்கு இன்சுலின் கழிஞ்சு, பாத்துக்கோ." வார்டை ஒப்படைக்கும்போது நான்தானே சொன்னேன்! மருந்து தீர்ந்துவிட்டது, பார்மசியில் வாங்கு என்ற அர்த்தத்தில் சொன்னேன். ஊசி போட்டு முடிந்தது என்று அவள் எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுப்பார்கள். ஐயோ. அவளுக்குத் தெரியும். நான் கத்தியபோதும் தெரியும்.

நவம்பர் 14, வெள்ளி

ஏசிய அதே வராந்தாவில் எல்லாரையும் கூப்பிட்டு, அது என் வாயால் வந்த தப்பு என்று சொன்னேன். வியாகுலம்மாளிடமும் போய்ச் சொன்னேன்.

பிறகு நிஸ்ரினிடம், ஏன் மக்கா என் பேரை எழுதவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ரொம்ப அசந்து போயிருந்தீங்க சிஸ்டர். அன்னைக்கி நீங்களும் சாப்பிடல."

முப்பது வருடத்தில் நான் சாப்பிட்டேனா என்று பார்த்த முதல் ஆள் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. நான் ஒருத்தியையாவது அப்படிப் பார்த்திருக்கிறேனா? அந்த ஐந்து பேரில் ஒருத்தியையாவது?

ராஜினாமாவை மட்டும் அவள் திரும்ப வாங்கவில்லை. காலையில் பஸ் ஏறும்போதே திரும்பிப் போய்விடலாமா என்று இருக்கிறதாம். நான் வற்புறுத்தவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஆஃபீசில் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். புதுப் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதம் டபுள் டூட்டி கிடையாது. ஐந்து நாள் வந்தால் ஒரு நாள் லீவு. ஆள் குறைகிறது என்றார்கள். ஐந்து பேர் போனபோது குறையவில்லையா என்றேன். கடைசியில் கையெழுத்துப் போட்டார்கள்.

இனி வார்டை ஒப்படைப்பது கட்டில் பக்கத்தில், சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு. 'போட்டாச்சு', 'தீந்துபோச்சு', இரண்டில் ஒன்று. 'கழிஞ்சு' கூடாது. இன்றைக்கே இரண்டு தடவை எனக்கு அது வாயில் வந்துவிட்டது. வியாகுலம்மாள் படுத்தபடியே என்னைத் திருத்தினாள், ஒரே குஷி அவளுக்கு.

நவம்பர் 26, புதன்

நிஸ்ரின் இன்று உட்கார்ந்து சாப்பிட்டாள். இருபது நிமிடம். நானும்.

டிசம்பர் 3, புதன்

மாத டூட்டிப் பட்டியலை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டுக்குப் பிறகு நிஸ்ரின் பெயருக்கு நேரே எல்லாம் வெறுமை. பார்க்கவே பிடிக்கவில்லை. அப்போது அவளே வந்து நின்றாள்.

"சிஸ்டர், இருபத்தி மூணும் நாலும் லீவு கெடைக்குமா? மாமி மவளுக்கு நிக்காஹ்."

நான் காலண்டரைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று பயம். சரி மக்கா என்று மட்டும் சொன்னேன்.

இருபத்தி நாலு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். பாதிப் பேர் லீவு. நான் ஒரு வருடம்கூட அன்று டூட்டி பார்த்ததில்லை. நிஸ்ரின் பெயரை முப்பத்தொன்று வரை எழுதினேன். இருபத்தி நாலில் அவள் இடத்தில் லீலாபாய் என்று என் பெயரை எழுதினேன்.