மழை நாளில் சொன்ன சரி

துபாயிலிருந்து லீவில் வந்த ஷேக் பரீத் தூங்கிக்கொண்டிருந்தார். மன்னார்குடியில் உம்மாவைப் பார்த்துவரக் கிளம்பிய அவர் மனைவி நுஸைபா, காலண்டர் தாளைக் கிழித்து எழுதினாள்:

"ஆணம் அடுப்புல இருக்கு, சுட வச்சுக்கோங்க. சாவி ஜன்னல்ல. பத்து மணிக்குக் கூரைக்கு அளவெடுக்க ஆள் வருவாங்க. எனக்கு ஓடு போடணும்னுதான் ஆசை. புயலுக்கு நிக்காதுங்கிறீங்க. மறுபடியும் தகர ஷீட்டே சொல்லிடுங்க."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"போன்ல கேட்டப்ப ஷீட்டுக்குச் சரின்னியேன்னு நேத்து கோவிச்சுக்கிட்டீங்க. அன்னைக்கு இங்க அடைமழை. மழை பெஞ்சா இந்தத் தகரச் சத்தத்துல நீங்க பேசுறது ஒண்ணுமே கேக்காது. கேக்கலைன்னா போனை வச்சிடுவீங்களேன்னு, ஏழு மழைக்காலமா எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லிட்டு இருக்கேன்."