பன்னிரண்டாம் இலக்கத்துக் குரல்

ஜூன் 8, ஞாயிறு

கீபோர்ட்டைப் போட்டதும் திரையில் மறுபடியும் அதே வரி: உள் பற்றறி பலவீனம். நேற்றும் வந்தது. நேற்று காணாத மாதிரி இருந்துவிட்டேன். இன்றைக்கு முடியவில்லை.

பற்றறி மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் பழையதைக் கழற்றிய கையோடு உள்ளே சேமித்து வைத்த ஒலியெல்லாம் அழிந்துபோகும். மற்றவை போனால் போகட்டும். நாதஸ்வரம், உடுக்கு, வயலின் எல்லாம் திரும்பச் செய்துகொள்ளலாம். பன்னிரண்டாம் இலக்கம் போனால்? அது சாருவின் குரல்.

கழுத்தில் ஒப்பரேஷன் செய்ய முதல், சும்மா விளையாட்டுக்கு, மைக்கை நீட்டி "ஒருக்கா ஆ சொல்லு" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். அதைக் கட்டைகள் முழுக்கப் பரப்பி வைத்தேன்; எந்தக் கட்டையைத் தொட்டாலும் அந்தச் சுரத்தில் அவள் குரல் வரும். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவளுக்குக் காற்றுத்தான் வருகிறது. எங்கள் ஊர் உடப்பில் திருவிழா என்றால் மேடையில் பாடியவள் என் மனைவி. இப்போது பக்கத்து வளவில் நிற்கும் ஆளைக் கூப்பிடவும் கை தட்டுகிறாள்.

ஜூன் 10

புத்தளத்தில் சவுண்ட் செட் வாடகைக்குக் கொடுக்கும் மிஹ்லாரிடம் கேட்டேன். கீபோர்ட்டை மிடி கேபிளால் கொம்பியூட்டரோடு இணைத்து, உள்ளே இருப்பதை அதற்கு மாற்றிவிட்டுப் பற்றறியைக் கழற்றச் சொன்னான். "சின்ன வேல மச்சான். அர நாள்ல முடிஞ்சிரும்."

சாருவிடம் சொன்னேன். மூச்சுக் காற்றிலேயே, "போன்ல பிடிச்சு வையுங்க, போதும்" என்றாள். என்ன கதை இது? போனில் பிடித்தால் கேட்கத்தான் முடியும், வாசிக்க முடியுமா? காகமும் ஃபேனும் சேர்ந்தெல்லோ வரும்!

பன்னிரண்டை அமத்திப் பார்த்தேன். இருக்கிறது. திரும்பினால் அவளைக் காணவில்லை. வெளியே கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டு நின்றாள். காலையில் தோய்த்தது, இன்னும் ஈரம்.

ஜூன் 13, வெள்ளி

அரை நாளாம்! கீபோர்ட்டுக்குரிய எடிட்டர் மென்பொருளைத் திறந்தால், "இந்தப் போர்ட் வேறொரு மென்பொருளின் பாவனையில் உள்ளது" என்கிறது. வேறென்ன இருக்கிறது, பாட்டு ரெக்கோர்ட் பண்ணும் மென்பொருள் ஒன்றுதான். அதை மூடினேன். அதே வரி. கொம்பியூட்டரையே நிறுத்திப் போட்டேன். அதே வரி.

மிஹ்லாருக்குக் கோல் எடுத்தேன். "போர்ட்டுண்டா ஒராள் போற கதவு மச்சான். ஒருத்தன் நடுவுல நிண்டா மத்தவன் வெளியதான்." சரி, நிற்பவன் யார் என்றுதானே நான் கேட்கிறேன்?

ஜூன் 14

இல்லை. எடிட்டர் இன்றும் திறக்கவே இல்லை.

ஜூன் 17

கீபோர்ட்டுக்கும், தாளம் தட்டும் ட்ரம் பேடுக்கும் இரண்டு மலிவுக் கேபிள். கொம்பியூட்டர் இரண்டையும் ஒரே பெயரில் காட்டுகிறது. இத்தனை நாளும் நான் எந்தக் கேபிளோடு மல்லுக்கட்டினேன் என்று எனக்கே தெரியாது. ட்ரம் பேடைக் கழற்றினேன். இப்போது ஒரு பெயர்தான் காட்டுகிறது. எடிட்டர் அப்போதும் உள்ளே விடவில்லை.

கடல் காற்று எல்லாவற்றிலும் உப்பைப் பூசி வைத்திருக்கிறது. கேபிள் செருகும் துளைகளைச் சுரண்டிச் சுரண்டி விரல் நோகிறது.

ஜூன் 21, சனி

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

எடிட்டர் வேண்டாம், ரெக்கோர்ட் மென்பொருளுக்குள்ளாலேயே எடுத்துப் பார்ப்போம் என்று புத்தி போனது. கீபோர்ட்டிலிருந்து போன சுரம் கொம்பியூட்டருக்குள் சுற்றி, திரும்பக் கீபோர்ட்டுக்கே வந்து, மறுபடி போய்... ஒரு கட்டையைத் தொட்டேன். கையை எடுத்த பிறகும் நிற்கவில்லை. ஆ——— என்று அவளுடைய குரல். மூச்சே விடாமல். எந்த மனுசி அப்படிப் பாடுவாள்?

சாரு மீன் வெட்டிய கையோடு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"உனக்கென்ன விசரா? பற்றறி சாகிற நேரத்தில கரண்டைப் பிடுங்கிறாய்! உன்ர குரல்தானே அழியும்!"

அவளுடைய வாய் அசைந்தது. "அழியாது" என்றாளா, "அழியட்டும்" என்றாளா, எனக்குக் கேட்கவில்லை. கேட்கிற ஆளாகவும் நான் இருக்கவில்லை. பிளக்கில் மீன் இரத்தம்.

போட்டுப் பார்த்தேன். குரல் இருக்கிறது.

ஜூன் 30

கோயில் சபைத் தம்பிமுத்து அண்ணன் வந்தார். "தீமிதியண்டைக்கு அந்த ஆ-வை மறந்திராத, அருள். சனம் அதைக் கேக்கத்தான் நிக்கிது" என்றார். சாரு தேத்தண்ணியை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பாராமல் உள்ளே போனாள்.

ஜூலை 6, ஞாயிறு

பிடித்துவிட்டோம்! ரெக்கோர்ட் மென்பொருளை மூடினாலும் அதன் துண்டொன்று பின்னுக்கு ஓடிக்கொண்டிருந்ததாம். கொம்பியூட்டரைத் தொடக்கும்போதே அதுவும் தொடங்கிக் கதவில் போய் நிற்கிறது. மிஹ்லார் போனில் சொல்லச் சொல்லத் தேடி நிறுத்தினேன். எடிட்டர் திறந்தது. பச்சை விளக்கு!

இரண்டு பொத்தான். ஒன்று "லோட்". மற்றது "டம்ப்". எதை அமத்துவது?

மிஹ்லார் சவுண்டுக்கு வர முதல் எத்தாளையிலிருந்து வெங்காய லொறி ஓட்டியவன். அவனுக்கு யோசிக்கவே தேவை இருக்கவில்லை. "லோட்டுண்டா ஏத்துறது. கீபோர்ட்டுல ஈக்கிற சாமான கொம்பியூட்டருக்கு ஏத்து. டம்ப்புண்டா கொட்டுறது, குப்ப கொட்டுற மாதிரி. அதத் தொட்டுறாத மச்சான்!"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. லோட்டை அமத்தினேன்.

அது ஏற்றியது. கொம்பியூட்டரில் இருந்த வெறுமையைக் கீபோர்ட்டுக்குள் ஏற்றியது. ஒன்றாம் இலக்கத்திலிருந்து எல்லாப் பெயரும் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பன்னிரண்டை அமத்தினால் பீப் என்கிறது.

ஜூலை 7

இந்தத் தொழிலில் டம்ப் என்றால் உள்ளே இருப்பதற்கு ஒரு பிரதியைக் கொட்டித் தருவதாம். கொட்டினாலும் உள்ளே குறையாதாம். அதைத்தான் அமத்தியிருக்க வேண்டும்.

மிஹ்லார் "அஸ்தஃபிருல்லாஹ்" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டான். அவனை ஏச வாய் வரவில்லை. விரல் என்னுடையது.

சாருவிடம் சொல்லவில்லை.

ஜூலை 11

ஊரில் எல்லாருடைய போனிலும் பழைய திருவிழா வீடியோ தேடினேன். மேளம், வெடி, அரோகரா. அவள் பாடுவது தெரிகிறது. கேட்கவில்லை.

ஜூலை 14

பற்றறி மாற்றினேன். காப்பாற்ற ஒன்றும் இல்லாததால் கெதியில், பத்து நிமிடத்தில், முடிந்தது.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சாரு, அது போயிட்டுது. நான்தான் அழிச்சுப்போட்டன்."

"தெரியும்" என்றாள். "இவ்வளவு நாளா அது சத்தம் போடேல்லையே."

அழுதது நான்தான். அவள் இலையை வைத்துவிட்டு என் காதுக்குக் கிட்ட வந்தாள். அவளோடு கதைக்க வேறு வழி இல்லை.

"நீங்க அதை அமத்தினா, நான் செத்துப்போன மாதிரி இருக்கும். நான் இஞ்ச நிக்கிறன், என்ர தொண்டை அங்க பாடுது. சனம் அதுக்குக் கை தட்டுது. போன்ல பிடிச்சு வையுங்க எண்டது அதுக்குத்தான். உங்களுக்கு ஆசை வந்தா எங்கயாவது தனியப் போய்க் கேப்பீங்கதானே."

முன்னமே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாய் எடுத்தேன். எந்தக் குரலில் அவள் சொல்லியிருப்பாள்? கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

பயிற்சி. ஆ வரும் இடத்தில் புல்லாங்குழல் போட்டேன். நன்றாக இல்லை. தம்பிமுத்து அண்ணனும் நன்றாக இல்லை என்றுதான் சொல்வார்.

எனக்கு அந்தக் குரல் இன்னும் வேண்டும். கனவிலும் பன்னிரண்டைத்தான் தேடுகிறேன். இதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

சோளகக் காற்று உரமாக அடித்தது. கொடியில் கிடந்த என் சட்டை பறந்து போய் வேலியில் மாட்டியது. சாரு கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். இரண்டு பேரும் யன்னலால் பார்த்தோம். அதை எடுக்கவும் அவள் எழும்பவில்லை. பாட்டு முடியும் வரைக்கும் இருந்தாள்.