ஜோர்ஜெட் திரும்பி வந்த மத்தியானம்

ஏனுங்க, உங்களைத்தான். கல்யாணமான நாளிலிருந்து இப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இப்போது பேர் போட்டு எழுதக் கை வரவில்லை.

கோவையில் சாரல் அடிக்கிறது. இந்தக் குளிருக்கு லெபனான் மலைதான் ஞாபகம் வருகிறது. ஆப்பிள் தோட்டங்களுக்குப் பம்பு மாட்டும் உங்கள் வேலைக்காக, கல்யாணமான புதிதில் நாம் குடியிருந்த ஊர். வீட்டின் சொந்தக்காரி உம் நபீல் (அவர்கள் பேச்சில் 'நபீலின் அம்மா'), வெள்ளை முக்காடு போட்டவர், ட்ரூஸ் என்ற அந்த மலை மதத்துக்காரர். காலையில் சுடச்சுட ரொட்டி கொண்டுவந்து, நான் தின்று முடிக்கும்வரை நகரமாட்டார்.

பக்கத்து வீடு மட்டும் கூரையில்லாமல் கிடந்தது. "கிறிஸ்தவங்க ஊடு அம்மணி. சண்டைல ஓடிப்போயிட்டாங்க," என்றீர்கள். நாமும் கிறிஸ்தவர்கள்தானே, அன்று இரவு கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை பார்த்தேன்.

ஒரே ஊற்றில் தண்ணீர் எடுத்தவர்கள் எதற்காக வெட்டிக்கொண்டார்கள்? இரண்டு பக்கமும் விசாரித்தீர்கள். ட்ரூஸ்காரர்கள், தங்கள் பிரபுக்கள் ஆண்ட நிலம் கைவிட்டுப்போன காலத்திலிருந்து தொடங்கினார்கள். கிறிஸ்தவர்கள், அந்த நிலத்தில் குடியானவர்களாகக் கிடந்ததிலிருந்து. துருக்கியும் பிரான்சும் இங்கிலாந்தும் ஆளுக்கொரு பக்கம் பயத்துக்குத் தீனி போட்டார்களாம். நாம் அங்கே போவதற்குச் சில வருஷம் முன்னால் இஸ்ரேல் படை மலையேற, பின்னாலேயே கிறிஸ்தவப் போராளிகள் வந்தார்கள். இஸ்ரேல் படை திரும்பிப் போனதும் இரண்டு பக்கமும் கொலைகள் விழுந்தன.

"ரெண்டு பேருமே அவங்க வாங்குன அடியிலிருந்துதான் கதைய ஆரம்பிக்கறாங்க," என்றீர்கள்.

பிறகு ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்காரி ஜோர்ஜெட் வந்து இடிந்த வாசலில் நின்றாள். உம் நபீல் உள்ளே கூப்பிட்டார். அவள் அசையவில்லை. "என் தம்பிய இங்கதான் கொன்னாங்க," என்றாளாம். நீங்கள்தான் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள்.

உம் நபீலின் மூத்த மகன் நபீலும் அந்தச் சண்டையில் போனவன். அதைச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவரோ, "ஆமா, கொன்னது எங்க ஆளுங்கதான்," என்றார்.

ஜோர்ஜெட் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "உங்க நபீல் எங்கே?" என்று கேட்டாள். அதன்பின் இருவரும் அழுத அழுகைக்கு உங்கள் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இங்கே நடந்ததையும் சொல்கிறேன். நீங்கள் படுத்திருக்கும் கல்லறைக்குப் போகும் பாதையில் பக்கத்து இந்துக் கோயில்காரர்கள் வேலி போட்டுவிட்டார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் போனில் என்னென்னவோ பரப்பினார்கள். பேசித் தீர்க்கக் கூட்டிய கூட்டத்தில், யார் முதலில் ஆரம்பித்தது என்றே பேச்சு சுற்றியது. நான் எழுந்தேன்.

"போன தேர்நோம்பிக்கு, சர்ச்சுக்கு வந்த எங்க காருங்கதான் உங்க தேர் போற வழிய அடைச்சு நின்னுச்சுங்க. நீங்க சொல்லியும் நாங்க எடுக்கலைங்க."

நம் ஆட்களே என்னை முறைத்தார்கள். கோயில் தரப்பில் மருதாசலம்தான் கடைசியில் வாய் திறந்தார். "வேலி போட்டது கொஞ்சம் அவசரந்தானுங்க."

வேலி முழுதாகப் போகவில்லை. ஒரு சவப்பெட்டி போகும் அகலத்துக்குத் திறந்திருக்கிறார்கள். இதுவே போதுமா? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

கல்லறைத் திருநாளுக்கு அந்த வழியாகத்தான் வருவேன். முட்டி வலித்தாலும் நடந்தேதான் வாரேனுங்க.

உங்க அம்மணி,
ஸ்டெல்லா