பெரட்டுக் களத்து ஊசி

மார்ச் 2, திங்கள்

மதியம் இரண்டு மணிக்கு மேல் நான் வேலை பார்க்கும் லாட்ஜுக்கு யாரும் வருவதில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் இந்த வரவேற்பு மேசைக்கு வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிடும். மின்விசிறிக் காற்றில் அறைச் சாவிகள் ஆணியில் லேசாக ஆடும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு மலை வந்துவிடும். நான் ஒருநாளும் பார்த்திராத மலை. பெரியம்மா சொல்லிச் சொல்லி என் கண்ணுக்குள் ஏறிய தேயிலைத் தோட்டம், இடுப்பளவு பனி, அதற்குள் கூடையோடு நடக்கும் பெண்கள். நான் பிறந்தது பரவைக்குப் பக்கத்தில், இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கான முகாமில். வெயிலைத் தவிர வேறெதுவும் தெரியாதவளுக்குப் பனியில் என்ன வேலை?

மேனேஜர் "என்ன மலரு, பிளேன் ஏறிட்டியா?" என்று கேட்டார். அதற்குள் ஒன்பதாம் நம்பர் அறைக்குப் புது ஆள் வந்து நின்றிருந்தது. பாண்டியம்மாள் என்று பெயர், உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பைப் புற்றுக்குக் கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு வாங்க, வந்திருக்கிறாள். தினமும் ஊருக்குப் போய்வர உடம்பு ஒத்துழைக்கவில்லையாம். முறத்தில் அரிசியைக் கொட்டியது மாதிரி கலகலவென்று சிரிக்கிறாள்.

மார்ச் 3, செவ்வாய்

முகாமில் மைக் வைத்துச் சொன்னார்கள். பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஊசி போடப் போகிறார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வராமல் தடுக்க, ஒரே ஊசி. வியாழக்கிழமை செக்கிங் அன்றைக்கே.

செக்கிங் என்றால் மாதம் ஒருமுறை அதிகாரிகள் வந்து பெயர் கூப்பிடுவது. வரிசையில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். ஆள் இல்லாவிட்டால் உதவிப் பணம் கிடையாது. நர்ஸ் நாகஜோதியைக் குழாயடியில் பார்த்தபோது கேட்டேன், ஏன் அன்றைக்கு என்று. "அன்னைக்குத்தானே மலரு எல்லாரும் வீட்டுல இருப்பீக" என்றாள். அவளைப் பொறுத்தவரை நியாயம்தான்.

பெரியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னதும் கை நின்றது.

"பேரு கூப்புட்டு ஊசியா?"

என் மகள் டிலக்ஷனாவுக்குப் போன மாதம்தான் பதினான்கு முடிந்தது.

மார்ச் 4, புதன்

மறந்துவிடக் கூடாது என்று எழுதி வைக்கிறேன். பெரியம்மா இதைத் தன் வாழ்நாளில் என்னிடம் இரண்டு முறைதான் சொல்லியிருக்கிறாள்.

தோட்டத்தில் விடிகாலையில் எல்லாரையும் ஒரு களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். வராதவர்களுக்குப் பெயர் வெட்டு, வேலை போச்சு. பெரியம்மாவுக்குக் கல்யாணமாகிப் பிறந்த முதல் பிள்ளை தங்காமல் போயிருந்த சமயம். ஒருநாள் பெரட்டுக் களத்திலேயே மேசை போட்டுப் பெண்களுக்கு ஊசி போட்டார்கள். சத்து ஊசி என்றார்கள். பெயர் கூப்பிட்டார்கள், போனாள், கையை நீட்டினாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை. வரிசையில் நின்ற சிலருக்குப் பிறந்தது, பலருக்குப் பிறக்கவில்லை. புருஷன் வேறொருத்தியோடு போனார். தங்கை மகளான என்னைத்தான் அவள் வளர்த்தாள்.

ஊசியால்தானா? யாருக்குத் தெரியும்?

என் வீட்டுக்காரர் சிவக்குமார் கோயம்புத்தூரிலிருந்து பேசினார். பெயிண்ட் வேலை இன்னும் பத்து நாள் இருக்கிறதாம். "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க" என்றார். வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார் மனுஷன்.

மார்ச் 5, வியாழன்

டிலுவை ஒளித்து வைத்தேன்.

பள்ளிப் பிள்ளைகள் செக்கிங்கில் நிற்க வேண்டியதில்லை. காலை முதல் பஸ்ஸிலேயே அவளை லாட்ஜுக்குக் கூட்டிவந்து பாண்டியம்மாளின் அறையில் விட்டேன். அவளுக்கு இன்று ஆஸ்பத்திரி கிடையாது. "வாடி ராசாத்தி, எனக்குப் பேச்சுத்துணை வந்துருச்சு" என்றாள். உடனே முகாமுக்குத் திரும்பினேன்.

அதிகாரி மேசைக்குப் பக்கத்திலேயே ஊசி மேசை. மைதானத்தில் வெயில் வெள்ளையாகப் படிந்திருந்தது. தூரத்தில் நாகமலை மிதப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். போடாவிட்டால் பணத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தே சிலர் பிள்ளைகளைத் தள்ளிவிட்டார்கள். அப்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் செக்கிங் அன்று எங்கள் ஆட்களுக்கு எதையும் மறுக்க வராது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகிவிட்டோம். மறுக்க வராதவர்கள் என்ன செய்வார்கள்? ஒளிப்பார்கள். ஒரு பிள்ளை கண்மாய்க்கரையில், ஒருத்தி குளியலறையில், என்னுடையது லாட்ஜில்.

"டிலக்ஷனா எங்க?" என்றாள் நாகஜோதி.

"காய்ச்சல்" என்றேன்.

பெரியம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அந்த வெயிலிலும் அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. கண் மட்டும் இங்கே இல்லை. அவள் பெரட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

சாயங்காலம் டிலுவைக் கூட்டிவரும்போது பஸ்ஸில் கேட்டாள், "பாண்டியம்மா அத்தைக்கு இருக்கிற வியாதிக்குத்தான அந்த ஊசி?"

ஆமாம் என்றேன்.

"அப்ப எதுக்கும்மா என்னைய ஒளிச்சு வச்ச?"

மார்ச் 6, வெள்ளி

டிலுவின் டிபன் பாக்ஸைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அவள் மறுபடி கேட்பதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

பாண்டியம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து என் மேசைக்கு எதிரே சோபாவில் சாய்ந்தாள். மாடி ஏற முடியவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் சாவிகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உம் மக எல்லாம் சொல்லுச்சு" என்றாள். "எம்புட்டு எரியுது தெரியுமாத்தா உள்ள? ஒண்ணுக்குப் போக முடியல. என் வயசுல இப்படி ஒரு ஊசி இருந்திருந்தா கழுத்துலகூடப் போட்டிருப்பேன்." பிறகு அவளே, "உன்னையக் குத்தம் சொல்லலத்தா. சூடு கண்ட பூனை" என்று சிரித்தாள். இன்றைக்கு அந்தச் சிரிப்பில் பாதிதான் இருந்தது.

நான் எந்தப் பயத்தைக் கேக்குறது? பெரியம்மா வயித்துக்கு நடந்ததையா, இந்தம்மா வயித்துல நடக்குறதையா? டிலுவுக்கு நாளைக்கு ஒரு பிள்ளை இல்லாமப் போனா நான் தாங்குவேனா? டிலுவே இல்லாமப் போனா? சாமி, ஏதாவது ஒண்ணைச் சொல்லேன்.

மார்ச் 14, சனி

நாகஜோதி வீட்டுக்கு வந்தாள். அதிகாரி இல்லை, மைக் இல்லை. தோளில் மருந்துப் பெட்டி, கையில் குடை. "காய்ச்சல் விட்ருச்சா?" என்று கேட்டுவிட்டு டிலுவைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. டீ போட எழுந்தேன்.

பெரியம்மா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். ஊசியைப் பற்றித்தான் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் கதையைச் சொன்னாள். முழுதாக, களம், மேசை, பெயர், எல்லாம். எனக்கே சொல்லாத சிலதும் அதில் இருந்தது. கடைசியில் கேட்டாள்:

"எனக்கு என்ன ஊசிம்மா போட்டாங்க?"

டீ பொங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை. நாகஜோதி குடையைக் கீழே வைத்தாள்.

"தெரியலம்மா" என்றாள். "பிள்ளை வராம இருக்குறதுக்குப் போட்டதாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்யி. ஆனா உங்களக் கேக்காமப் போட்டது தப்புத்தேன்."

"இது?"

அவள் விளக்கமாகச் சொன்னாள். கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும், சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும். பிள்ளைப்பேற்றை இது கெடுப்பதில்லை என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். தன் மகளுக்கும் போட்டிருக்கிறாள்.

"இதை வேணாம்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்மா."

"சொன்னா?"

"ஒண்ணும் ஆகாது. அந்தப் பணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேணாம்" என்றாள்.

எனக்கு வேணும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. டிலு என்னைப் பார்த்தாள். நாகஜோதி டீயைக் குடித்து முடித்தாள். பெட்டியைத் தோளில் மாட்டினாள். "சரிங்கம்மா, வாரேன்" என்று குடையை விரித்துக்கொண்டு போனாள்.

அவள் தெரு முனை திரும்பும்வரை பெரியம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். நாகஜோதி திரும்பி வரவில்லை.

மார்ச் 16, திங்கள்

குழாயடியில், ரேஷன் கடையில், எல்லாரிடமும் பெரியம்மா அதையேதான் சொல்கிறாள். "நான் வேணாம்னேன். அவ போயிட்டா." சாமி வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனதைச் சொல்கிறவள்போல் முகம்.

மார்ச் 19, வியாழன்

பகலில் மேசையிலேயே தூங்கிவிட்டேன். பனி. கூடை கட்டிய பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் ஒரு மேசை. பெரியம்மாவுக்கு டிலுவின் வயசு. பெயர் கூப்பிடுகிறார்கள். அவள் வாயைத் திறக்கிறாள். சத்தம் வருவதற்குள் யாரோ அறைச் சாவி கேட்டு எழுப்பிவிட்டார்கள்.

மார்ச் 21, சனி

முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை டிலுவைக் கூட்டிக்கொண்டு பரவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். திருட்டுத்தனமாக இல்லை. ஒளித்தது போதும்.

சாப்பிடும்போது பெரியம்மாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. "உனக்கு மனசு வருத்தமா இருந்தா..." என்று ஆரம்பித்தேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

நாள் முழுக்கப் பெரியம்மா பீரோவைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச் 23, திங்கள்

காலையில் எழுந்தபோது அவள் படுக்கை காலி. பயந்துபோய்த் தேடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தாள், கல்யாண வீட்டுக்குக் கட்டும் பச்சைச் சேலையில்.

"ஏழரை வண்டி போயிருச்சு. இம்புட்டு நேரமா கிளம்ப?" என்று என்னைத்தான் திட்டினாள்.

சுகாதார நிலையத்தில் நாகஜோதி எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெரியம்மா நேராக அவளிடம் போனாள்.

"அன்னைக்கு வேணாம்னு சொன்னமே, பேரை வெட்டிட்டியா?"

"வெட்டலம்மா. அப்படியேதான் இருக்கு."

பெரியம்மா தலையாட்டிக்கொண்டாள். "அப்ப அவளையும் ஒரு வார்த்தை கேளு."

நாகஜோதி டிலுவைக் கேட்டாள். "போடுங்கக்கா" என்றாள் டிலு. ஊசி ஏறும்போது அவள் கண்ணை மூடவில்லை. மூடிக்கொண்டது பெரியம்மாதான்.

அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வேப்பமரத்து நிழல் காலடியில் அசைந்துகொண்டிருந்தது. டிலுவுக்கு மயக்கம் வரவில்லை. எனக்குத்தான் லேசாகக் கிறுகிறுத்தது.

பஸ்ஸில் டிலுவை நடுவில் உட்கார வைத்தோம். பெரியம்மா அவள் கையைத் தொடாமல் தொட்டு, "வலிக்குதா?" என்றாள். இரண்டு நிறுத்தம் போனதும் மறுபடி, "வலிக்குதாடி?"

"கொஞ்சம்." டிலு திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு வலிச்சுச்சா அம்மாச்சி? அன்னைக்கு?"

பெரியம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வயல்கள் போயின, தென்னைகள் போயின.

"வலிச்சுச்சுடி" என்றாள்.