மணல் படாமல் ஒரு படம்

ஜூன் 2, ஞாயிறு

கேமராவைக் கடற்கரைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மணலுக்குப் பயந்து பையை விட்டு வெளியே எடுக்கவேயில்லை. பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தேன். இதற்கு நான் போயிருக்கவே வேண்டாம்.

ஜூன் 3, திங்கள்

ஸ்டூடியோவில் முதலாளி முதல் வேலையாக கேமராவைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தார். அவருடைய பழைய கேமரா. ஞாயிற்றுக்கிழமைக் கடற்கரைக்காகக் கொஞ்ச நாள் எனக்கு இரவல். "மணல் ஒரு பொடி உள்ள போனாலும் போதும், அப்புறம் ஜூம் பண்றப்பல்லாம் கரகரன்னு அழும். அந்தச் சத்தம் என் காதுல விழக் கூடாது" என்றார்.

நாள் முழுக்க பாஸ்போர்ட் படம். ஊரில் பாதிப் பேரின் முகம் என் கைவழியாகப் போயிருக்கிறது. என் வீட்டில் இருக்கிற ஒரு முகத்தைத்தான் எடுக்க முடியவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை என் மனைவி எழுந்தபோது முகத்தின் இடது பக்கம் அப்படியே சரிந்திருந்தது. முக்கால்வாசி குணமாகிவிட்டது என்கிறார் டாக்டர். மீதிக் கால்வாசிக்காக அவள் என் கேமராவைக் கண்டாலே வேறு அறைக்குப் போய்விடுகிறாள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பவள் அவள். ப, ம இரண்டுக்கும் உதடு முழுசாக ஒட்ட வேண்டும், ஒட்டவில்லை. 'பயணிகள்' என்ற முதல் சொல்லிலேயே காற்று போய்விடுகிறது என்று அலுவலகத்துக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். (அவள் பேசுவதை இங்கே நான் முழுசாகவே எழுதிக்கொள்கிறேன்.)

ஆனால் ஞாயிற்றுக்கிழமை விடியலில், தன் தம்பியோடு நின்று தூண்டிலை வீசும்போது அவளுக்கு முகம் இருப்பதே மறந்துபோகிறது. மீன் இழுத்தால் சிரிக்கிறாள். வாய் ஒரு பக்கமாக ஓடும், சரி. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். ஒரே ஒரு படம்.

சொல்லாமல் எடுப்பது திருட்டு இல்லையா? தெரியவில்லை. நாளைக்கு யோசிக்கலாம்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று பையிலிருந்து எடுத்துவிட்டேன்! ஆனால் ராத்திரி முழுக்க ஏசி அறை அலமாரியில் இருந்த கேமரா. கடல் காற்று பட்டதும் லென்ஸுக்கு வியர்த்துவிட்டது. துடைத்தால் மறுபடி வியர்க்கிறது.

எடுத்ததெல்லாம் பால். பாலுக்குள் ஒரு பெண், அவள் கையிலிருந்து ஒரு நீளக் கோடு வானத்துக்குப் போகிறது. கடல் எது, மேகம் எது என்று தெரியவில்லை. நேரிலும் அப்படித்தான் இருந்தது. அலை திரும்பிப் போனதும் ஈர மணலில் வானம் கிடந்தது, அவள் அதன்மேல் வெறுங்காலோடு நின்றாள்.

திடீரென்று கோல் வளைந்தது. "ஈன்! ஈன்!" என்று கத்தினாள். மீனைத்தான். உதடு ஒட்டாத முதல் மாதத்தில் வந்த சொல். இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது ஈன்தான். மைத்துனன் மீன் கடையில் போய் "ஈன் என்ன விலை?" என்று கேட்டு அசடு வழிந்தது தனிக் கதை.

அவள் சிரித்தாள். நான் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

கேமராவுக்குச் சட்டை தைத்த மாதிரிதான் ஆயிற்று. கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்று. லென்ஸ் மூக்கு நீட்ட வட்டமாக ஓட்டை. ஓட்டையின் விளிம்பை லென்ஸோடு சேர்த்து ரப்பர் பேண்ட், அதன்மேல் டேப். லென்ஸுக்கு முன்னால் ஒரு ஃபில்டர் கண்ணாடி; உப்பும் மணலும் அதன்மேல் விழுந்து தொலையட்டும். சனிக்கிழமை ராத்திரியே பையோடு கூடத்தில் வைத்துவிட்டால் வியர்க்காது.

மைத்துனன் எட்டிப் பார்த்து, "மாமா, குழந்தை பால் குடிச்சிதா?" என்றான்.

அவள் காய் நறுக்கிக்கொண்டே, "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு மெனக்கெடல நீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு.

ஜூன் 16, ஞாயிறு

விடியற்காலையில் டேப் தீர்ந்துவிட்டது. மேசை மேல் ஒரு உருளை கிடந்தது, அதை எடுத்துச் சுற்றோ சுற்று என்று சுற்றி முடித்தேன். ஒரு பொடி மணல் நுழையவில்லை. காற்று மட்டும் பேயாய் அடித்தது. மீனும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

ஜூன் 17, திங்கள்

முட்டாள். முட்டாள். முட்டாள்.

அது அவளுடைய டேப். இடது கண் தூக்கத்தில் தானாக மூடாது. ராத்திரி மருந்து விட்டு, இமையை இழுத்து, அந்தப் பேப்பர் டேப்பை ஒட்டிக்கொண்டுதான் படுப்பாள். எட்டு மாதமாகப் பக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டு இருக்கிறேனே — எனக்குத் தெரியாதா? தெரியும். கையில் எடுத்தபோது தோன்றவில்லை. கேமராதான் கண்ணுக்குத் தெரிந்தது.

நேற்று ராத்திரி தேடியிருக்கிறாள். என்னை எழுப்பவில்லை. கைக்குட்டையை மடித்துக் கட்டிக்கொண்டு படுத்தது எப்போதோ நழுவிவிட்டது. காலையில் கண் செக்கச் செவேலென்று இருந்தது. முந்தின நாள் காற்றும் மணலும் வேறு. கண் டாக்டர், "கடல் பக்கமே ரெண்டு வாரம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் இருந்த கேமராவைப் பார்த்தாள். அவளுடைய டேப்பைச் சுற்றிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"அதுக்கு மூடி இருக்கு. போட்டா கண்ணை மூடிக்கும். எனக்கு அதுவும் இல்ல" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "என்னைத்தான எடுக்கப் பாக்குறீங்க? மூணு வாரமா தெரியும். எதுக்கு?"

எதுக்கு? நீ சிரிக்கிறது எனக்கு வேணும்டி. அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கலாம் இல்ல? "சும்மாதான்" என்றேன். சும்மாவாம்.

ஜூன் 23, ஞாயிறு

போகவில்லை. அவள் தூண்டில் ரீலைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டாள். நான் கறிகாய் வாங்கினேன்.

ஜூன் 26, புதன்

கனவு. ஸ்டூடியோவுக்குள் கணுக்கால் அளவு கடல். ஆட்கள் வரிசையாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கிறார்கள். நீலத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் அவள். தண்ணீர் மெதுவாக ஏறுகிறது, யாரும் பதறவில்லை. நான் அவசர அவசரமாக கேமராவுக்குப் பை தேடுகிறேன். தேடி எடுத்துக் கட்டி நிமிர்ந்தால் ஸ்டூல் மட்டும் மிதக்கிறது.

இன்று கேமராவை முதலாளியிடமே கொடுத்துவிட்டேன். "என்னாச்சு, மணலா?" என்றார். இல்லை என்றேன்.

ஜூன் 30, ஞாயிறு

டாக்டர் சொன்ன கெடு இன்றோடுதான் முடிகிறது. ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று கிளம்பிவிட்டாள். பக்கவாட்டிலும் மறைக்கிற பெரிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கண் மருந்தும் சுத்தத் துணியும் என் சட்டைப் பையில்.

கையில் ஒன்றும் இல்லாமல் கடலைப் பார்த்து நாளாகிவிட்டது. தூரத்தில் ஒரு படகு இருக்கிறதா இல்லையா என்பதுபோல இருந்தது. அலை சொல்வதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் வருவது மாதிரியும் இப்போதுதான் முழித்தது மாதிரியும் இருந்தது. நடுவில் ஒரு தடவை அவளை மணலில் உட்கார வைத்து மருந்து விட்டேன். கையை எடுத்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கியே வைத்திருந்தாள்.

"உங்க குழந்தை எங்க?"

"திருப்பிக் கொடுத்துட்டேன்."

அவள் எழுந்துபோய்த் தூண்டிலை வீசினாள். நூல் போய் விழுகிறவரை பார்த்தாள். "வெறும் கையோட நிக்கிறீங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றாள், கடலைப் பார்த்து.

அதற்குப் பிறகுதான் சொன்னேன். பின்னாலிருந்துதான், அலைச் சத்தத்தில் கேட்காமல்கூடப் போயிருக்கும். "நீ சிரிக்கிறது வேணும்னுதான் எடுக்கப் பாத்தேன்."

மைத்துனன் இரை கோப்பதை நிறுத்திவிட்டுத் தன் காலைப் பார்த்தான். அவள் ரீலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 5, வெள்ளி

வேலை முடிந்து வந்தவள் மேசை மேல் இரண்டு உருளைப் பேப்பர் டேப் வைத்தாள். "இது என்னோடது. அது உங்களோடது. மாத்திடாதீங்க."

நாளைக்கு முதலாளியிடம் கேமராவைக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? காலைப் பிடித்தாவது.

ஜூலை 7, ஞாயிறு

மைத்துனனுக்கு இன்று வேலை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம்.

வெயில் ஏறாத வெளுத்த காலை. என் டேப்பைத்தான் சுற்றியிருந்தேன், இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். முழங்கால் அளவு தண்ணீரில் அவள், பின்னால் நான். நான் தண்ணீரில் இறங்கியது எனக்கே ஆச்சரியம். கோல் வளைந்ததும் "ஈன்!" என்று திரும்பினாள். கையில் வெள்ளி மாதிரி துள்ளுகிறது. அப்போது பார்த்து ஒரு அலை, இடுப்பு வரை. நான் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கவில்லை. அழுத்தினேன்.

கரைக்கு வந்து பைக்கு வெளியிலிருந்தே சின்னத் திரையைப் பார்த்தோம், தலையோடு தலை முட்டிக்கொண்டு. சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் ஃபில்டரில் ஒரு பெரிய துளி விழுந்திருக்கிறது. அவளுடைய இடது கன்னம், கண், வாயின் ஓரம் எல்லாம் அந்தத் துளிக்குள் கரைந்து வெறும் வெளிச்சமாக இருக்கிறது. வலது பாதி மட்டும் தெளிவு. பழைய அவள்.

அழகாகத்தான் இருந்தது. நான் வேண்டுமென்றே செய்தேன் என்றால்கூட நம்புவார்கள்.

"இப்படியே இருக்கட்டுமா?" என்றேன்.

நிறைய நேரம் பார்த்தாள். பிறகு, காற்றுக்காகப் போட்டிருந்த அந்தப் பெரிய கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையில் செருகினாள்.

"தொடைங்க. இன்னொண்ணு எடுங்க."

துடைத்தேன். எடுத்தேன். இடது கண் கொஞ்சம் பெரிசு, வாய் வலது பக்கம் ஓடுகிறது, கன்னத்தில் மணல், கையில் ஈன். என் பெண்டாட்டி.

மத்தியானம் அவளே அதைத் தம்பிக்கு அனுப்பினாள். அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்து, அதைப் பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவினாள். சத்தம் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள், படித்தாள், சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினாள்.

"மாமா என்ன படம் எடுக்குறாரு? ஈன் பாதிதான் தெரியுது."